கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை

நடுவர் அவர்களே, அவையில் கூடியிருக்கும் பெரியோர்களே, வணக்கம். "பொருளாதார மந்தக் காலத்தில் பெருகும் மலிவு விலைக் கடைகள் மக்களைத் தாங்குகின்றனவா, ஏய்க்கின்றனவா?" என்று கேட்டிருக்கிறீர்கள். தாங்குகின்றன என்று சொல்ல எழுந்திருக்கிறேன். லண்டன் மேடை என்பதால் இந்த ஊர்க் கடையைப் பற்றியே பேசுகிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர் மலைமுகடு வடிவ டோப்லரோன் சாக்லேட்டை மேடைக்குக் கொண்டுவந்தார். 2016இல் 170 கிராம் கட்டியை 150 கிராமாகக் குறைத்து, முகடுகளுக்கு நடுவே இடைவெளியை அகலமாக்கி, அதே ஒரு பவுண்டுக்கு விற்றார்கள், இது பகற்கொள்ளை என்றார். கொள்ளைதான். எடையைக் குறைத்தவர் யார்? தயாரிப்பாளர். கடைக்காரர் என்ன செய்தார்? எதை எடுத்தாலும் ஒரு பவுண்டு என்று பெயரெடுத்த பவுண்ட்லாண்ட் கடை, மறு ஆண்டே இரட்டை முகடு வைத்த 180 கிராம் கட்டி ஒன்றைத் தானே செய்வித்து ஒரு பவுண்டுக்கு விற்றது. நண்பர் பாதிக் கதையில் இறங்கிவிட்டார். மீதி முப்பது கிராமை நான் சேர்த்துக்கொள்கிறேன்.

சாக்லேட் கிடக்கட்டும். 2009க்கு வாருங்கள். வங்கிகள் ஆடிப்போன மறு ஆண்டு. எனக்கு வேலை போய்விட்டது. ஒரு பெரிய சூப்பர் மார்க்கெட்டில் கூடையோடு வரிசையில் நிற்கிறேன். மனத்துக்குள் கூட்டியபோது ஒன்பது பவுண்டு சொச்சம் வந்தது. கல்லாவில் 11 பவுண்டு 40 பென்ஸ் என்று காட்டியது. பையில் இருப்பது ஒரே ஒரு பத்துப் பவுண்டு நோட்டு. எதை எடுத்து வைப்பது? அரிசியையா, பிள்ளையின் பிஸ்கட்டையா? எண்ணெய்ப் போத்தலை எடுத்து நீட்டினேன். அதை ரத்து செய்ய மேற்பார்வையாளர் வர வேண்டுமாம். கல்லாவுக்கு மேலே விளக்கு மின்னத் தொடங்கியது. நமக்குத் தெரிந்த ஒருவர் மூன்றாவது ஆளாக நின்றிருந்தார். என்னைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் இருந்த பத்திரிகை அட்டையை மிகுந்த கவனத்தோடு படிக்க ஆரம்பித்தார். நல்ல மனிதர். அவர் படிக்காமல் இருந்திருந்தாலே எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

அடுத்த வாரம் பவுண்டுக் கடைக்குப் போனேன். எல்லாம் ஒரே விலை. பத்துப் பவுண்டுக்குப் பத்துப் பொருள். சோப்பு ஒன்று, தேயிலை இரண்டு, பற்பசை மூன்று என்று விரலை மடித்துக்கொண்டே நடந்தேன். விரல் தீர்ந்த இடத்தில் கல்லா. விளக்கும் மின்னவில்லை, யாரும் அட்டையும் படிக்கவில்லை. 'கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை' என்று ஏளனமாகச் சொல்வோமே, கையில் காசு குறைந்தவனுக்கு மீசையும் வேண்டும் ஐயா! கூழை இலவசமாகத் தருவதற்கு உணவு வங்கி உண்டு. அங்கே போகும்போது மீசையைத் தடவிக்கொண்டு போக முடியுமா?

"சிறு பொட்டலத்தில் கிராமுக்குக் கிராம் விலை அதிகம், இருபது கிலோ மூட்டை வாங்கினால் லாபம்" என்றார் எதிரணியின் அம்மையார். கணக்கு சரி. அம்மா, மூட்டைக்கு மொத்தப் பணமும் அன்றைக்கே வேண்டும், வீடு கொண்டு சேர்க்கக் காரும் வேண்டும். இரண்டும் இல்லாதவரை இரண்டும் இருப்பவரின் லாபக் கணக்கில் உட்கார வைக்காதீர்கள். வெள்ளிக்கிழமைவரை ஐந்து பவுண்டில் ஓட்ட வேண்டியவர் கடன் வாங்கி மூட்டை வாங்கினால், மூட்டையில் மிச்சமானதை வட்டி தின்றுவிடும்.

மலிவு விலைக் கடைகள் கொன்றுவிட்டன என்று வூல்வொர்த்ஸ் கடைகளுக்காகவும் கண்ணீர் விட்டார்கள். 2009 ஜனவரி 6 அன்று கடைசிக் கிளைகளும் மூடப்பட்டன. ஏறத்தாழ 27,000 பேருக்கு வேலை போயிற்று. கொடுமைதான், நானும் அப்போது அவர்களில் ஒருவரைப் போலத்தான் இருந்தேன். ஆனால் அந்த வூல்வொர்த்ஸ் யார்? 1909இல் லிவர்பூலில் கடை திறந்து, ஆறு பென்ஸுக்கு மேல் எதற்கும் விலை வைப்பதில்லை என்று விற்ற கடை. 1930களின் பெருமந்தத்திலும் கிளைமேல் கிளையாகத் திறந்த கடை. அன்றைய பவுண்டுக் கடையே அதுதான்! போர்க் காலத்தில் அந்த விலை வரம்பைக் கைவிட்டது, கடைசியில் கடன் சுமை அழுத்த விழுந்தது. காலியான அதன் கட்டடங்கள் பலவற்றில் பவுண்ட்லாண்ட் குடியேறியது. பேரன் தாத்தா வீட்டுக்குக் குடிவந்ததைக் கொலை என்று சொல்லலாமா?

எதிரணியின் கடைசி அம்பு எது என்று எனக்குத் தெரியும். அவர்களுக்கு ஏன் சிரமம், நானே எடுத்துத் தருகிறேன். 2025 ஜூனில் பவுண்ட்லாண்ட் நிறுவனமே ஒரு பவுண்டுக்குக் கைமாறியது. சிரியுங்கள், நானும் சிரித்தேன். நட்டத்துக்குப் பல காரணங்கள் இருக்கலாம். வாடிக்கையாளராக எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: ஒற்றை விலையை விட்டுவிட்டு விதவிதமாக விலை ஒட்டத் தொடங்கிய பிறகு, அங்கேயும் நான் கூட்டிக் கூட்டிப் பார்த்துத்தான் கூடையில் போடுகிறேன். நான் வாதாடுவது அந்த ஒற்றை விலைக்காகத்தான், நடுவர் அவர்களே. அது இருந்தவரை ஒரு பொருளையும் கல்லாவில் திருப்பிக் கொடுத்ததில்லை.