முடியாத அனிமே தொடர்களை நம்பிப் பார்க்கலாமா? நேயர் கேள்விக்குப் பதில்

அடுத்த கேள்வி அனிமே, அதாவது ஜப்பானிய அனிமேஷன் தொடர்களைப் பற்றியது. "இன்னும் முடியாமல் வந்துகொண்டிருக்கும் அனிமே தொடர்களில் நீங்கள் எவற்றைப் பார்க்கிறீர்கள், எப்படி இருக்கின்றன? இவற்றில் இப்போதே நேரத்தைப் போடலாமா, முடிந்த பிறகு மொத்தமாகப் பார்ப்பது நல்லதா?" என்று ஒரு நேயர் கேட்டிருக்கிறார். இதே சந்தேகம் இன்னும் சிலருக்கும் இருக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒரு தொடரை நான் எதை வைத்து எடைபோடுகிறேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். முடியாத கதையை முடிவை வைத்து மதிப்பிட வழியில்லை. இணையத்தில் சுற்றும் சண்டைத் துண்டுகளை நம்பியும் இறங்க முடியாது. நல்ல அனிமேட்டர்களையும் கையில் இருக்கிற நேரத்தையும் அந்த ஓரிரு எபிசோடில் கொட்டியிருப்பார்கள், மற்றவை எப்படி என்று அதிலிருந்து தெரியாது. நான் பார்ப்பது நடுவில் வரும் சாதாரண எபிசோடை. பெரிய சண்டை இல்லை, யாரும் சாகவில்லை, புது வில்லன் யாரும் வரவில்லை. அப்படிப்பட்ட ஒரு வாரத்தில் தொடர் என்ன செய்கிறது? அரை மணி நேர ஒளிபரப்பில் விளம்பரம் போக 24 நிமிடம் இருக்கும். தொடக்கப் பாட்டுக்கு ஒன்றரை நிமிடம், கடைசிப் பாட்டுக்கு ஒன்றரை நிமிடம். மிச்சமிருக்கும் 21 நிமிடத்தை என்ன செய்கிறார்கள் என்பதிலேயே எனக்குப் பாதி விஷயம் தெரிந்துவிடும்.

இந்தக் கணக்கில் முதலிடம் 'ஃபிரீரன்' தொடருக்குத்தான். தெரியாதவர்களுக்காக ஒரு வரி: பேரரக்கனைக் கொன்ற வீரர் குழுவின் கதை இது, ஆனால் கொன்று முடித்த பிறகு தொடங்குகிறது. குழுவில் இருந்த ஃபிரீரன் ஆயிரம் வருடத்துக்கு மேல் வாழ்ந்துவிட்ட எல்ஃப், அதாவது மிக நீண்ட ஆயுள் கொண்ட கற்பனை இனத்தவள். அவளுக்கு ஐம்பது வருடம் என்பது கொஞ்ச நேரம். திரும்பி வந்து பார்த்தால் கூட வந்த ஹிம்மல் கிழவனாகியிருக்கிறான், சீக்கிரமே இறந்தும் போகிறான். அவனைத் தெரிந்துகொள்ள ஏன் முயலவில்லை என்று அவனுடைய இறுதிச் சடங்கில் அவள் அழுகிறாள். அத்தனையும் முதல் எபிசோடிலேயே நடந்துவிடுகிறது. 2023 செப்டம்பர் 29 அன்று முதல் நான்கு எபிசோடுகளைச் சேர்த்து, ஜப்பான் தொலைக்காட்சியில் வெள்ளிக்கிழமை இரவுத் திரைப்பட நேரத்தில் இரண்டு மணி நேரமாக ஒளிபரப்பினார்கள். நல்ல முடிவு. முதல் எபிசோடை மட்டும் ஒளிபரப்பியிருந்தால் பலர் இது சோகக் கதை என்று நினைத்து ஒதுங்கியிருப்பார்கள்.

ஏனென்றால் அதற்கு அடுத்து வருவது சோகம் என்று சொல்லிவிட முடியாத ஒன்று. இரண்டாவது எபிசோடைப் பாருங்கள். ஒரு கிராமத்தில் ஹிம்மலுக்குச் சிலை இருக்கிறது. அதைச் சுற்றி வைக்க அவனுடைய ஊர்ப் பூ வேண்டும் என்று ஃபிரீரன் தேடுகிறாள். அந்தப் பூ அழிந்துவிட்டது என்கிறார்கள். மாதக்கணக்கில் தேடுகிறாள். கூட இருக்கும் சிஷ்யை ஃபெர்னுக்கு எரிச்சல் வருகிறது, நமக்கும் கொஞ்சம் வரும். கதையை நகர்த்தும் சம்பவம் எதுவும் இல்லை. ஆனால் எபிசோடு முடியும்போது இந்த எல்ஃப் இறந்துபோனவனை இப்போதுதான் மெல்லத் தெரிந்துகொள்ளத் தொடங்கியிருக்கிறாள் என்பது நமக்கு விளங்கிவிடுகிறது. 'ஹிம்மல் இறந்து இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு' என்று திரையில் ஓர் எழுத்து வருமே, அதைக் கவனியுங்கள். அந்தத் தொடரில் நாட்காட்டியே அவனுடைய இறப்பிலிருந்துதான் எண்ணப்படுகிறது. யாரும் அதைப் பற்றி வசனம் பேசுவதில்லை.

குறையே இல்லையா என்றால், இருக்கிறது. முதல் சீசனின் 28 எபிசோடுகளில் பிற்பாதி, அந்த மந்திரவாதித் தேர்வுப் பகுதி. அதில் ஒரே சமயத்தில் பத்து பதினைந்து புது முகங்கள். சண்டைகள் அழகு, இசையமைப்பாளர் எவான் காலின் இசையும் அழகு, ஆனால் பூவைத் தேடிய அந்த நிதானம் கொஞ்சம் காணாமல் போய்விட்டது என்றுதான் எனக்குப் பட்டது. இதில் என்னோடு சண்டை போடுகிறவர்கள் நிறைய இருப்பார்கள், போடுங்கள். 2026 ஜனவரியில் வந்த இரண்டாம் சீசனில் இயக்குநர் மாறிவிட்டார், கெய்இச்சிரோ சைட்டோவின் இடத்துக்கு தொமோயா கிட்டாகாவா வந்திருக்கிறார். பயந்துகொண்டேதான் பார்த்தேன். ஃபிரீரன், ஃபெர்ன், கூட வரும் இளம் வீரன் ஸ்டார்க் மூவரும் மறுபடி வழிப்பயணத்துக்குத் திரும்பியதும் பழைய மூச்சு திரும்பிவிட்டது.

சரி, அடுத்தது 'தி அப்போதிகரி டைரீஸ்'. மருந்துக்காரப் பெண் மாவ்மாவ். கடத்தப்பட்டு அரண்மனை அந்தப்புரத்தில் வேலைக்காரியாக விற்கப்பட்டவள். கதை நடப்பது கற்பனை நாட்டில், ஆனால் பழைய சீன அரசவையின் சாயல் நன்றாகத் தெரியும். முதல் எபிசோடிலேயே அரச குழந்தைகள் நோயால் வாடுகின்றன, எல்லோரும் சாபம் என்கிறார்கள். தாய்மார்கள் பூசும் வெள்ளை முகப்பூச்சில் இருக்கும் ஈயம்தான் விஷம் என்று இவள் கண்டுபிடிக்கிறாள். ஈயம் கலந்த முகப்பூச்சு உண்மையிலேயே பல நாடுகளில் நூற்றாண்டுக்கணக்கில் புழங்கியதுதான், எழுதியவர் காற்றிலிருந்து பிடித்ததல்ல.

இதைப் பார்க்கத் தொடங்குகிறவர்கள் சொல்வது ஒன்றுதான்: "வாரம் ஒரு சின்ன மர்மம், அவ்வளவுதானே?" ஆமாம், அப்படித்தான் தெரியும். ஒரு வாரம் கிடங்கு ஒன்று தீப்பிடிக்கிறது. காற்றில் மிதந்த மாவுத்தூள் வெடித்தது என்று மாவ்மாவ் காரணம் சொல்கிறாள். இன்னொரு வாரம், இறந்துபோன ஓர் உலோகக் கைவினைஞர் தன் மூன்று மகன்களுக்கு விட்டுச்சென்ற விசித்திரமான சொத்து. இவற்றுக்குள் தொடர்பே இல்லை என்று நாம் மறந்தும் விடுகிறோம். அப்புறம் முதல் சீசனின் 19-வது எபிசோடில், ஒரு சடங்கு நடக்கும் இடத்தில் எல்லாம் ஒரே புள்ளியில் வந்து சேர்கிறது. எப்படி என்று சொல்ல மாட்டேன். அந்த எபிசோடு தனியாக எவ்வளவு நன்றாக இருந்தாலும், முந்தைய சாதாரண எபிசோடுகளைக் கவனமாகச் செய்திருந்ததால்தான் அது அப்படி அடிக்கிறது. 2025-இல் வந்த இரண்டாம் சீசனிலும் இதே வேலையைத்தான் இன்னும் நீட்டிச் செய்தார்கள். பூச்சி பிடிக்கும் ஒரு பெண் வருவாளே, அவளை முதலில் சிரிப்புக்காக வைத்திருக்கிறார்கள் என்று நினைக்க வைத்தார்கள் பாருங்கள்!

இதில் எனக்கு ஒரு சலிப்பும் உண்டு. அந்தப்புரத்தை நிர்வகிக்கும் அழகன் ஜின்ஷி மாவ்மாவிடம் வந்து நிற்பதும், இவள் அவனைப் புழுவைப் பார்ப்பதுபோலப் பார்ப்பதும் முதல் சில தடவை நன்றாகச் சிரிக்க வைத்தது. இரண்டு சீசனுக்கு அதே நகைச்சுவை கொஞ்சம் அதிகம். மூன்றாம் சீசன் 2026 அக்டோபரில் என்று அறிவித்திருக்கிறார்கள், அதிலாவது இது நகருமா பார்ப்போம்.

இப்போது கடற்கொள்ளையன் லூஃபியின் நெடுங்கதையான 'ஒன் பீஸ்'. இதைத் தொட்டால் திட்டு வாங்காமல் போக முடியாது. 1999 அக்டோபரில் தொடங்கியது, 1,100 எபிசோடைத் தாண்டிவிட்டது. கதை எனக்குப் பிடிக்கும். எய்இச்சிரோ ஓடா 1997-இலிருந்து வரைந்துவரும் மூல மாங்காவில் (ஜப்பானியச் சித்திரக்கதையில்) குறை சொல்ல எனக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் என் அளவுகோலில் அனிமே அடிவாங்கும். காரணம் எளிமையானது. மாங்கா வாரம் ஓர் அத்தியாயம், அதிலும் அவ்வப்போது விடுமுறை. அனிமேயோ வாரம் தவறாமல் வரவேண்டும். பின்னால் வருகிறவன் முன்னால் போகிறவனை முட்டிவிடக் கூடாது. அதனால் என்ன செய்தார்கள் என்றால், ஓர் அத்தியாயத்தைக் கூட முழுசாக எடுக்காமல் ஒரு எபிசோடை நிரப்பினார்கள். பல ஆண்டுகள் தொடக்கப் பாட்டே இரண்டரை நிமிடம். அதன் மேல் போன வாரக் கதைச் சுருக்கம், அப்புறம் ஒவ்வொருவர் முகத்தையும் ஒருமுறை அதிர்ச்சியோடு காட்டுவது. டிரெஸ்ரோசா பகுதியைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

இப்படி இழுத்ததில் ஒரு நல்லதும் நடந்தது, அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. 2019-இல் வானோ பகுதி தொடங்கியதிலிருந்து படத்தின் தோற்றமே மாறியது. கதை மெதுவாகப் போனாலும் கண்ணுக்கு வேலை இருந்தது. 2023 ஆகஸ்டில் வந்த 1071-வது எபிசோடில் லூஃபி எடுக்கும் 'கியர் ஐந்து' என்ற புது வடிவம், அதைப் பார்த்துவிட்டு யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. அடுத்து வந்த எக்ஹெட் பகுதியில் குமா என்ற பாத்திரத்தின் கடந்தகாலம் வந்ததே, அங்கே அந்த நிதானம் கதைக்கு உதவியது. ஒரு மனிதன் தன்னிடம் இருப்பதை ஒவ்வொன்றாக இழப்பதை அவசரமாகக் காட்ட முடியாது.

முக்கியமான சேதி என்னவென்றால், தயாரிப்பாளர்களே இதை உணர்ந்துவிட்டார்கள் போலிருக்கிறது. 2024 அக்டோபரில் நிறுத்தி, 2025 ஏப்ரலில்தான் மறுபடி தொடங்கினார்கள், அதுவும் ஞாயிறு காலை நேரத்தை விட்டு இரவுக்கு மாறி. 2026 முதல் ஆண்டுக்கு அதிகபட்சம் 26 எபிசோடுதான் என்றும் அறிவித்துவிட்டார்கள். கால் நூற்றாண்டு வாரம் தவறாமல் ஓட முயன்ற தொடர் மூச்சு வாங்கக் கற்றுக்கொள்கிறது. எல்பாஃப் பகுதியை இந்த முறையில் கொடுத்தால் என் குறையில் முக்கால்வாசி போய்விடும்.

அடுத்து 'டான்டாடான்'. மோமோவுக்குப் பேயில் நம்பிக்கை, வேற்றுக்கிரகவாசியில் இல்லை. ஒகாருனுக்கு நேர்மாறு. இரண்டும் உண்மை என்று ஒரே இரவில் இருவருக்கும் தெரிந்துவிடுகிறது. சயன்ஸ் சாரு நிறுவனத்தின் வேலை, வண்ணமும் வேகமும் வெறித்தனமாக இருக்கும். ஆனால் எனக்கு அந்தத் தொடரைப் பிடிக்கவைத்தது ஏழாவது எபிசோடுதான். அதுவரை துரத்திக்கொண்டிருந்த ஒரு பேய் உயிரோடு இருந்தபோது யாராக இருந்தாள் என்பதை, அதிகம் பேசாமல் காட்டுகிறார்கள். ஒரு தாய், அவள் மகள், ஒரு நடனம். அவ்வளவுதான் சொல்வேன். ஆனால் முதல் எபிசோடில் மோமோவை வேற்றுக்கிரகவாசிகள் கடத்தும் காட்சி எனக்குப் பிடிக்கவில்லை, கதைக்கு அது தேவையும் இல்லை. வீட்டில் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து தொடங்கிவிடாதீர்கள். இன்னொன்று, முதல் சீசன் முடிகிற இடம். 2024 டிசம்பரில் ஒரு காட்சியை அப்படியே நடுவில் வெட்டிவிட்டு 2025 ஜூலை வரை காக்க வைத்தார்கள். சீசனுக்கு 12 எபிசோடு என்று தீர்மானித்துவிட்டு, கதை எங்கே மூச்சு விடும் என்று பார்க்காமல் கத்தி வைத்தால் இப்படித்தான் ஆகும்.

சாபப் பேய்களோடு மோதும் மந்திரவாதிகளின் கதையான 'ஜுஜுட்சு கைசன்' மூன்றாம் சீசனைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், அதில் வருவது புள்ளிக்காக ஒருவரையொருவர் கொல்லும் போட்டி. படமாக்கம் அபாரம், ஆனால் விதிமுறை விளக்கம் அதிகம். யார் எந்த விதியில் எத்தனை புள்ளி எடுத்தார்கள் என்று மாங்காவிலேயே தலை சுற்றும். அனிமே அதை முடிந்தவரை கண்ணுக்கு இதமாக ஆக்கியிருக்கிறது, அவ்வளவே.

'ஒன் பஞ்ச் மேன்' மூன்றாம் சீசன் வருத்தமான கதை. 2015-இல் முதல் சீசனுக்கு இயக்குநர் ஷிங்கோ நட்சுமே திறமையான அனிமேட்டர்களை வெளியிலிருந்தெல்லாம் திரட்டினார். அப்படி ஒரு கூட்டம் திரும்பக் கூடுவது லேசான காரியமில்லை. 2025 அக்டோபரில் வந்ததில் படங்கள் அசையவே யோசிக்கின்றன என்று ரசிகர்கள் சொன்னது பொய்யில்லை. இங்கே ஸ்டூடியோவை மட்டும் திட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. பெரும்பாலான அனிமேக்குப் பணம் போடுவது பதிப்பகம், இசை நிறுவனம், தொலைக்காட்சி என்று பல நிறுவனங்கள் சேர்ந்த தயாரிப்புக் குழு. வரைகிற ஸ்டூடியோ அந்தக் குழுவில் பங்கு போடவில்லை என்றால், தொடர் எவ்வளவு ஓடினாலும் பேசிய கூலிதான் கையில் கிடைக்கும். எத்தனை மாதத்தில் முடிக்கவேண்டும் என்பதையும் பல நேரம் அவர்கள் தீர்மானிப்பதில்லை. ஒரே குத்தில் எதிரியை வீழ்த்தும் நாயகன் சைதாமாவைப் பார்க்க ஆசையிருந்தால் யூசுகே முராட்டா வரைந்த மாங்காவை எடுங்கள். அசையாத அந்தப் பக்கங்களில் இருக்கிற வேகம் இந்த சீசனில் இல்லை.

இனி கேள்வியின் இரண்டாம் பாதி, இப்போதே பார்க்கலாமா, காத்திருக்கலாமா. எல்லாவற்றுக்கும் ஒரே பதில் கிடையாது. 'அப்போதிகரி'யை வாரம் ஒன்றாகவே பாருங்கள். இடையில் கிடைக்கும் ஆறு நாளும் நீங்கள் யோசிப்பதற்குத்தான், ஒரே மூச்சில் பார்த்தால் மர்மத்தை நீங்கள் அவிழ்க்க இடமே இருக்காது. 'ஃபிரீர'னையும் ஒரே ராத்திரியில் பத்து எபிசோடு பார்க்காதீர்கள், தூக்கம்தான் வரும். 'டான்டாடா'னுக்கு நேரெதிர், முதல் இரண்டு சீசனையும் சேர்த்துப் பாருங்கள், அந்த வெட்டு உங்களை ஒன்றும் செய்யாது. 'ஜுஜுட்சு'வும் மொத்தமாகப் பார்த்தால்தான் விதிகள் நினைவில் நிற்கும். 'ஒன் பீஸ்' பார்ப்பவர்கள் ஒரு பகுதி முடியும்வரை சேர்த்து வைத்துக்கொண்டு, கதைச் சுருக்கத்தையும் பாட்டையும் தாண்டிப் பாருங்கள், பாதி நேரம் மிச்சம். முடிவே வேண்டாம், அப்பப்போ ஒன்று பார்த்தால் போதும் என்கிறவர்களுக்கு 1996-இலிருந்து ஓடும் 'டிடெக்டிவ் கோனன்' இருக்கிறது. பெரிய கதையை விட்டுவிட்டு எந்த எபிசோடையும் எடுத்துப் பார்க்கலாம்.

சரி, அடுத்த கேள்வி மாங்காவை எந்த வரிசையில் படிப்பது என்பதைப் பற்றியது, அதற்குப் போவோம்.