மழையோடு மல்லுக்கட்டும் கிறிஸ்துமஸ் பலகாரம்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

டிசம்பர் பிறந்ததும் வீட்டு மூலையில் ஒரு சவுக்குக் கிளையை வாளி மணலில் நட்டு, பஞ்சைப் பிய்த்து அதன்மேல் தூவி, 'பனி' என்று சொல்லிக்கொள்கிறோம். ஜன்னலைத் திறந்தால் வடகிழக்குப் பருவமழை கொட்டிக்கொண்டிருக்கும். திருநெல்வேலி, தூத்துக்குடி, நாகர்கோவில் பக்கத்துக் கிறிஸ்துமஸில் வில்லன் யாரென்று கேட்டால், ஏரோது ராஜாவுக்கு அடுத்தபடி இந்த ஈரத்தைத்தான் சொல்ல வேண்டும். வாசல் நட்சத்திரத்தில் ஒட்டிய காகிதத்தைப் பிரித்துவிடும். குடிலின் வைக்கோலில் பூசணம் ஏற்றும். டின்னுக்குள் புகுந்து அச்சு முறுக்கை நமத்துப்போன அப்பளமாக்கும். எதை முதலில் செய்வது, எண்ணெய் எவ்வளவு காய்வது, டின்னை எப்போது மூடுவது என்று நம் வீடுகளில் வழிவழியாக வந்த முறையெல்லாம் இந்த ஈரத்தோடு போட்ட சண்டையில் கற்றதுதான்.

கிறிஸ்துமஸுக்கு முன்வரும் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு நவம்பர் 27க்கும் டிசம்பர் 3க்கும் நடுவே வரும். கேக்குக்குப் பழம் ஊறப்போட அதுவே கடைசி நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிஸ்மிஸ், கருப்பு உலர்திராட்சை, பேரீச்சை, இஞ்சி முரப்பா, ஆரஞ்சுத்தோல் எல்லாம் சேர்த்து அரை கிலோவுக்கு 150 முதல் 200 மில்லி ரம். ரம் வாசலேறாத வீடுகளும் நிறைய உண்டு. அங்கே ஆரஞ்சுச் சாறோ திராட்சைச் சாறோ போதும். ஆனால் அதை நவம்பரிலேயே ஊறவைத்தால் பழம் புளித்துவிடும். கேக் சுடுவதற்கு மூன்று நாள் முன்னால் ஊறவைத்து, குளிர்பெட்டியில் வையுங்கள். டூட்டி ஃப்ரூட்டியை மட்டும் எதிலும் ஊறவைக்காதீர்கள். சாயம் இறங்கி, மற்றப் பழமெல்லாம் ஹோலி கொண்டாடிவிட்டு வந்ததுபோல் இருக்கும். கேக்கைப் பற்றி இதற்குமேல் சொல்லப்போவதில்லை. ஊரிலுள்ள பேக்கரியெல்லாம் அதைச் செய்துதருகிறது. எண்ணெய்ச் சட்டிக்குத்தான் ஆள் குறைந்துவிட்டது.

டிசம்பர் இரண்டாம் வாரத்தில் முந்திரிக்கொத்து. கன்னியாகுமரி மாவட்டத்துச் சொத்து. இதில் முந்திரிப்பருப்பைத் தேடி ஏமாந்தவர்கள் பலர். இங்கே முந்திரி என்பது கொடிமுந்திரி, அதாவது திராட்சை. மூன்று உருண்டைகளை ஒட்டவைத்துப் பொரித்தால் திராட்சைக் குலைபோல இருக்கும், அவ்வளவுதான். அரை கிலோ சிறுபயறை வாசம் வர வறுத்து, ரவைப் பதத்தில் உடைத்துக்கொள்ள வேண்டும். ஒரு தேங்காயைத் துருவி, சிவக்க, கையில் எடுத்தால் மொறுமொறுவென்று உதிரும்வரை வறுக்க வேண்டும். 50 கிராம் எள், கொஞ்சம் சுக்கு, ஏலக்காய். 400 கிராம் கருப்பட்டியோ வெல்லமோ எடுத்துக் கரைத்து, மண் போக வடிகட்டி, ஒற்றைக் கம்பிப் பதத்தில் மாவின் மேல் ஊற்றிக் கிளறி, சூடு ஆறுவதற்குள் உருட்டிவிட வேண்டும். உருண்டைகளை ஒரு ராத்திரி அப்படியே விட்டால் கல்போல இறுகும்.

மறுநாள் பச்சரிசி மாவு ஒரு கப், மைதா அரைக் கப், மஞ்சள்தூள், உப்பு சேர்த்து இட்லி மாவுப் பதத்தில் கரைத்து, அதில் முக்கி, மும்மூன்றாக எண்ணெயில் போடுவது. மேல்மாவு நீர்த்திருந்தால் உருண்டையின் ஒரு பக்கம் எட்டிப்பார்க்கும். அந்த ஓட்டை வழியே வெல்லம் எண்ணெயில் இறங்கிக் கருகும், எண்ணெய் நுரைத்துப் பொங்கும், அடுத்து வரும் கொத்தெல்லாம் கறுத்துப்போகும். அதைவிடப் பெரிய ஆபத்து தேங்காய். ஈரம் விட்டுவைத்தால் ஐந்தாறு நாளில் சிக்கு வாடை வந்துவிடும். நன்றாக வறுத்ததென்றால் மூன்று வாரம் தாங்கும். மூன்று வாரம் தாங்குவதும் மூன்று வாரம் இருப்பதும் வேறு வேறு என்பது பிள்ளைகள் உள்ள வீட்டாருக்குத் தெரியும். டின்னைப் பரணில் ஏற்றலாம், கட்டிலுக்கடியில் தள்ளலாம். மூடி திறக்கும் சத்தம் மூன்று வீடு தாண்டிக் கேட்கும்.

அடுத்து மக்ரூனும் கல்கல்லும். இரண்டையும் ஒரே நாளில் செய்வது புத்திசாலித்தனம். ஏனென்று பிறகு சொல்கிறேன். தூத்துக்குடி மக்ரூனுக்கு மூன்றே பொருள்: முட்டையின் வெள்ளைக்கரு, சீனி, முந்திரிப்பருப்பு. ஐரோப்பாவில் பாதாம் போட்டுச் செய்ததில் இங்கே முந்திரி வந்து உட்கார்ந்துகொண்டது. அந்த முந்திரியும் இந்த மண்ணில் பிறந்ததில்லை. 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் பிரேசிலிலிருந்து கொண்டுவந்த மரம். இப்போது இரண்டையும் தூத்துக்குடியிலிருந்து பிரிக்க முடியாது.

வீட்டு அளவு இது: நான்கு முட்டையின் வெள்ளைக்கரு, 200 கிராம் பொடித்த சீனி, 200 கிராம் முந்திரி. முட்டையை உடைக்கும்போது மஞ்சள்கரு ஒரு சொட்டு கலந்தாலும், பாத்திரத்தில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தாலும், கை வலிக்க அடித்தும் நுரை எழும்பாது. கொழுப்பு நுரையின் எதிரி. அதனால் பிளாஸ்டிக் கிண்ணம் வேண்டாம். எவ்வளவு கழுவினாலும் அதில் பிசுக்கு நிற்கும். நுரை வெள்ளையாகப் பொங்கியபின் சீனியை ஒவ்வொரு கரண்டியாகச் சேர்த்து அடியுங்கள். கிண்ணத்தைத் தலைகீழாகக் கவிழ்த்தாலும் நுரை அசையக் கூடாது. தைரியம் இருப்பவர்கள் தலைக்குமேல் கவிழ்த்துப் பார்க்கலாம். முந்திரியை மிக்ஸியில் நிறுத்தி நிறுத்திச் சுற்றிப் பொடிக்க வேண்டும். தொடர்ந்து ஓடவிட்டால் எண்ணெய் கக்கி, உருட்டினால் உருளும் பதத்துக்குப் போய்விடும். அந்தப் பொடியைப் போட்டால் நுரை உட்கார்ந்துவிடும். பொடியைத் தூவி, அடியிலிருந்து மேலாக நாலைந்து முறை மடித்துவிட்டு நிறுத்துங்கள்.

காகிதக் கூம்பில் நிரப்பி, தட்டில் கூர்கூராகப் பிழிந்து, 110 டிகிரியில் ஒன்றேகால் மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம். மக்ரூனைச் சுடுகிறோம் என்கிறோம், உண்மையில் காயவைக்கிறோம். சூடு கூடினால் மேலே பழுப்பேறி வெடித்து, உள்ளே பசையாக இருக்கும். அடுப்பை அணைத்தபின்னும் கதவைத் திறக்காமல் உள்ளேயே ஆறவிடுங்கள். மழைநாளில் ஆவலாகத் தட்டை வெளியே எடுத்து வைத்தால், காற்றிலுள்ள ஈரத்தைச் சீனி உறிஞ்சிக்கொண்டு, அரை மணியில் விரலில் ஒட்டும். ஆறினதும் நேராக டின்னுக்குள்.

மீந்த நான்கு மஞ்சள்கரு இருக்கிறதே, அதுதான் கல்கல்லுக்கு. அரை கிலோ மைதா, 50 கிராம் வெண்ணெய், 100 கிராம் பொடித்த சீனி, அந்த நான்கு மஞ்சள்கரு, உப்பு. பிசையத் தேவையான கெட்டித் தேங்காய்ப்பால். சப்பாத்தி மாவைவிடச் சற்றுக் கெட்டியாகப் பிசைந்து அரை மணி மூடி வைத்தால், கோலிக்குண்டு அளவு உருட்டி, சீப்பின் மேல் அழுத்திச் சிப்பியாகச் சுருட்டலாம். புதுச் சீப்பு என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன். வீட்டில் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து செய்யும் வேலை இது ஒன்றுதான். யார் சுருட்டியது எது என்பது எண்ணெயில் போட்டதும் தெரிந்துவிடும். விளிம்பை அழுத்தி ஒட்டாதவர்களின் கல்கல் நாக்கை நீட்டிக்கொண்டு விரியும். எண்ணெய் நடுத்தரச் சூட்டில் இருக்கட்டும். அதிகம் காய்ந்தால் வெளியே சிவந்து உள்ளே மாவு நிற்கும். சீனிப் பாகில் புரட்டுவது அழகுதான், ஆனால் அடைமழை வாரத்தில் அந்த வெள்ளைப் பூச்சு கசிய ஆரம்பிக்கும். பாதியைப் பூசாமல் வைத்திருங்கள்.

கடைசியாக, 20ஆம் தேதிக்கு மேல், அச்சு முறுக்கு. இதற்கு அச்சும் ஆளும் பழக வேண்டும். புது இரும்பு அச்சென்றால் இரண்டு நாள் அரிசி கழுநீரில் போட்டு, துடைத்து, ஒரு நாள் எண்ணெயில் ஊறவைக்க வேண்டும். மாவுக்கு இரண்டு கப் அரிசி மாவு, அரைக் கப் மைதா, முக்கால் கப் பொடித்த சீனி, இரண்டு முட்டை, உப்பு, ஒரு கரண்டி கருப்பு எள். தேங்காய்ப்பாலை ஒரு கப்பில் தொடங்கி, தோசை மாவைவிடச் சற்று இளக்கமாக வரும்வரை கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். ஒன்றரைக் கப் வரை பிடிக்கும்.

இப்போது சட்டியின் பக்கத்தில் வந்து நில்லுங்கள். அச்சு எண்ணெயிலேயே கிடந்து காய வேண்டும். எடுத்து, ஒரு கணம் எண்ணெய் சொட்டவிட்டு, மாவில் முக்கால் பங்கு மட்டும் இறக்குங்கள். 'சொய்ங்' என்று சின்னச் சத்தம் கேட்டால் சரி; மாவு பட்ட இடத்தில் வெந்து, மெல்லிய தோலாக அச்சைப் பிடித்துக்கொண்டது என்று அர்த்தம். சத்தமே இல்லையென்றால் அச்சு ஆறிவிட்டது, மாவு வழுக்கி மறுபடி கிண்ணத்துக்கே போகும். படபடவென்று பொரிந்தால் சூடு அதிகம். மாவு கட்டிகட்டியாக வெந்து உதிரும். அச்சின் மேல்விளிம்பைத் தாண்டி மாவு ஏறினால் கதை முடிந்தது. தொப்பி போட்டதுபோல் பூட்டிக்கொள்ளும், எத்தனை உதறினாலும் வராது.

எண்ணெயில் இறக்கிப் பத்து எண்ணுங்கள். பிறகு மெல்லக் குலுக்கினால் ஓரம் விறைத்த முறுக்கு தானே கழன்று மிதக்கும். கழலவில்லையா? ஒரு ஈர்க்குச்சியால் தள்ளிவிடுங்கள். தொடர்ந்து ஒட்டினால் பெரும்பாலும் சீனி கூடியிருக்கும். இரண்டு கரண்டி அரிசி மாவு சேர்த்தால் சரியாகும். ஒவ்வொரு முறை முக்குமுன்பும் மாவைக் கலக்க வேண்டும், இல்லையென்றால் அரிசி மாவு அடியில் தங்கிவிடும். முதல் மூன்று முறுக்கு எப்படியும் உடையும். அவை சட்டியைச் சுற்றி நிற்பவர்களுக்குச் சேரவேண்டியவை. சிலர் அதற்காகவே நிற்கிறார்கள்.

எப்போது எடுப்பது? நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். எண்ணெயின் சலசலப்பு அடங்கியதா என்று காது கொடுங்கள். சத்தம் என்பது தண்ணீர் வெளியேறும் சத்தம். சத்தத்தோடு எடுத்தால் ஈரம் உள்ளேயே இருக்கிறது, மறுநாள் துவண்டுவிடும். சூடாக டின்னில் அடுக்கி மூடினாலும் அதே கதிதான். வெளியே மழை பெய்கையில் உள்ளே நாமே இன்னொரு மழையைப் பெய்யவிடுவதுபோல, ஆவி மூடியில் முட்டி நீராகச் சொட்டும்.

குடிலுக்கும் இந்த வாரம்தான். 1223இல் அசிசி புனித பிரான்சிஸ் இத்தாலியின் கிரேச்சோவில் குடில் அமைத்தபோது நிஜ மாடும் கழுதையும் நின்றன. நமக்குக் களிமண் பொம்மை போதும். பச்சைப் புல்தரைக்குத் தட்டில் மண் பரப்பித் தானியம் விதைப்பது நம் ஊர் வழக்கம், முளைப்பாரி போடத் தெரிந்த கைகளுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. விதைப்பை மட்டும் முன்னதாகவே, 14ஆம் தேதி முடித்தால் 24இல் தயார். கோதுமை வேகமாக, உயரமாக வளரும். சின்னப் பொம்மைகள் வைத்த குடிலில் ஆடுகள் புல்லுக்குள் காணாமல்போய், இடையன் கழுத்தளவில் தத்தளிப்பான். கேழ்வரகு போட்டால் குட்டையாக, நெருக்கமாக வரும். முதல் மூன்று நாளுக்குமேல் இருட்டில் வைத்தால் புல் மஞ்சளித்துச் சாயும். சீரியல் பல்பின் ஒயரை வைக்கோலில் புதைக்காதீர்கள். குழந்தை இயேசு சுரூபம் 24 நள்ளிரவு வரை அலமாரியில் இருக்கும். எந்த அலமாரி என்பதை ஒருவராவது நினைவில் வைத்திருப்பது நல்லது.

பக்கத்து வீடுகளுக்குத் தட்டு அனுப்பும்போது ஒரு விஷயம். கேக், மக்ரூன், கல்கல், அச்சு முறுக்கு நான்கிலும் முட்டை இருக்கிறது. முட்டை சாப்பிடாத வீட்டுக்கு முந்திரிக்கொத்தும் தேன்குழலும்தான் போக வேண்டும், அதுவும் முட்டைப் பலகாரம் பொரித்த எண்ணெயில் செய்ததாக இருக்கக் கூடாது. முந்திரிக்கொத்தை முதலில் முடித்துவிடும் வரிசையில் இந்த வசதியும் இருக்கிறது. தட்டில் கனமானது அடியில், மக்ரூன் மேலே. தீபாவளிக்கு அவர்கள் கொடுத்தனுப்பிய தட்டு இன்னும் நம் வீட்டில் இருந்தால், அதிலேயே அனுப்பிவிடுவது உத்தமம்.

கேரல் குழு ராத்திரி இரண்டு மணிக்கு வந்தால் கட்டங்காப்பியோடு என்ன கொடுப்பது என்று கேட்பார்கள். உடைந்த அச்சு முறுக்கைத் தனி டின்னில் சேர்த்து வைத்திருங்கள். இருட்டில், பாடிக் களைத்த வாய்க்கு வட்டமும் பாதியும் ஒன்றுதான்.

ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாள் கழிந்ததும் குடிலைப் பிரிக்கிறோம். அன்றைக்கே அச்சையும் கவனியுங்கள். சோப்புப் போட்டுத் தேய்த்தால் பழகின எண்ணெய்ப் பூச்சு போய், அடுத்த ஆண்டு மறுபடி கழுநீரிலிருந்து தொடங்க வேண்டும். சூடான தண்ணீரில் அலசி, அடுப்பில் காட்டி ஈரம் போக்கி, எண்ணெய் தடவி, செய்தித்தாளில் சுற்றி, காலியான பலகார டின்னுக்குள் போடுங்கள். டின்னின் மேல் பெரிய எழுத்தில் 'அச்சு' என்று எழுதிவையுங்கள். நன்றி, வணக்கம்.