துறைமுகமா, அடுப்படியா?

நடுவர் அவர்களே, துறைமுகத்தைத் தூக்கிப் பிடிக்கும் எதிரணி நண்பர்களே, சபையோரே, வணக்கம்.

பசிபிக் கடலின் இரு கரைகளைப் பிணைப்பது துறைமுகமா, அடுப்படியா என்பது தலைப்பு. எனக்கு முன்னால் பேசியவர் பெரு நாட்டின் சான்காய் துறைமுகத்தை இந்த மேடைக்கே இழுத்து வந்துவிட்டார். 2024 நவம்பரில் திறந்தார்கள், சீனாவின் காஸ்கோ நிறுவனத்துக்கு 60 சதவீதப் பங்கு, 35 நாள் ஓடிய சரக்கு இனி 23 நாளில் சீனா போய்ச் சேரும் என்றார். சரிதான். ஆனால் ஐயா, சான்காய் என்று பெயரிலேயே காய் இருக்கிறதே, அப்போது அதுவும் எங்கள் அடுப்படிக் கட்சிதானே!

விளையாட்டு போகட்டும். சீனாவும் பெருவும் நேற்றுப் பழகியவை அல்ல. 1849 தொடங்கி 1874 வரை ஏறத்தாழ ஒரு லட்சம் சீனர்கள் அங்கே கூலிகளாகக் கொண்டுபோகப்பட்டார்கள். எட்டு வருஷ ஒப்பந்தம். கரும்புத் தோட்டம், பருத்தித் தோட்டம், இன்னும் கொடுமையாக சின்ச்சா தீவுகளில் உரத்துக்காகப் பறவை எச்சம் வெட்டும் வேலை. கூலியோடு அன்றாடம் அரிசியும் அளந்தார்கள்.

"அவர்களைக் கொண்டுபோனதே வணிகம்தானே?" என்று எதிரணி முணுமுணுப்பது கேட்கிறது. ஆமாம், வணிகம்தான். அந்த வணிகம் இன்று எங்கே? எச்சம் தீர்ந்தது, கப்பல்கள் போய்விட்டன. அந்த அரிசியைப் பொங்கித் தின்றவர்களின் அடுப்பு மட்டும் அணையவில்லை.

பெருவின் தலைநகர் லிமாவில் சீனச் சாப்பாட்டுக் கடைக்கு 'சிஃபா' என்று பெயர். 'சோறு சாப்பிடு' என்ற சீனச் சொல்லிலிருந்து வந்தது என்கிறார்கள். அங்கே 'லோமோ சால்தாதோ' என்று ஒரு பண்டம். மாட்டிறைச்சியை நீள நீளமாக நறுக்கி, வெங்காயம், தக்காளி, மிளகாயோடு சீனச் சட்டியில் பெருந்தீயில் புரட்டி, சோயா சாஸ் ஊற்றி இறக்குவார்கள். ஒரே தட்டில் உருளைக்கிழங்கு வறுவலும் இருக்கும், சோறும் இருக்கும். உருளை ஆண்டிஸ் மலையின் சொந்தப் பிள்ளை, சோறு கடல் கடந்து வந்த மருமகள். சண்டையே இல்லை!

அப்புறம் மொழியைப் பாருங்கள். ஸ்பானிய மொழி பேசும் மற்ற நாடுகளில் இஞ்சிக்கு 'ஹென்ஹீப்ரே'. பெருவில் 'கியோன்'. சோயா சாஸ் 'சில்யாவ்'. இரண்டும் தென்சீனாவின் கான்டன் பக்கத்துப் பேச்சிலிருந்து வந்தவை. எந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு இதை வாங்க முடியும்? 2010-ல் அமலுக்கு வந்த தாராள வர்த்தக ஒப்பந்தம் சுங்கவரியைத்தான் குறைத்தது.

அரசியல் உறவு என்று ஒன்று உண்டே என்பீர்கள். 1899-ல் சகுரா மாரு கப்பலில் 790 ஜப்பானியர்கள் பெருவில் இறங்கினார்கள். அப்படிக் குடியேறிய சமூகத்திலிருந்து அல்பெர்த்தோ ஃபுஹிமோரி 1990-ல் ஜனாதிபதியே ஆனார். ஜப்பானிய வம்சத்தவரை ஊர் 'சீனன்' என்றே செல்லமாகக் கூப்பிட்டது! அவர் கதை நல்லபடி முடியவில்லை. 2000-ல் ஜப்பானுக்குப் போய் அங்கிருந்து ஃபேக்ஸில் ராஜினாமா அனுப்பினார், பிறகு சிறைக்கும் போனார். உறவு என்றால் வீட்டுக்கு வந்த எல்லோரும் உத்தமராக இருப்பார்கள் என்று நான் சொல்லவில்லை. துறைமுகத்தில் சரக்கு இறக்கிவிட்டுப் போகிறவன் அந்த ஊரில் தேர்தலில் நிற்கமாட்டான் என்றுதான் சொல்கிறேன்.

மணியடிக்கக் கை போகிறது, முடித்துவிடுகிறேன் நடுவர் அவர்களே. சான்காய்க்கு வேலைக்குப் போகும் ஒரு சீனப் பொறியாளருக்கு மத்தியானம் பசித்தால் எங்கே போவார்? கிரேனைப் பார்த்துக்கொண்டா நிற்பார்? நேரே சிஃபாவுக்குத்தான். அவர் கான்டன் பக்கத்து ஆளாக இருந்துவிட்டால், இஞ்சி கேட்க அகராதி புரட்டவும் வேண்டாம்.