பரட்டை என்று எழுதியது யார்?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு இவ்வளவு நேரம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருக்கும் பெரியோர்களே, வணக்கம்.

"அமெரிக்க ராணுவத்தின் முடி விதிகள் கட்டுப்பாட்டைக் காக்கின்றனவா, கறுப்பினத்தவரை ஒதுக்குகின்றனவா?" இதுதான் தலைப்பு. ஒதுக்குகின்றன என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய அண்ணன் மூன்று காரணம் சொன்னார். ராணுவம் என்றால் எல்லோருக்கும் ஒரே விதி. தலைக்கவசமும் வாயு முகமூடியும் பொருந்தியாக வேண்டும். பிடிக்காதவர்கள் சேர வேண்டாமே, யார் கட்டாயப்படுத்தினார்கள்? நன்றாகத்தான் பேசினார், நானும் கை தட்டினேன். ஆனால் அத்தனை பேச்சிலும் அந்த முடி எப்படி வளரும் என்று அண்ணன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

நம் வீட்டுப் பெண்களில் பலருக்கு எண்ணெய் வைத்துச் சீவி இழுத்துக் கட்டினால் முடி தலையோடு படிந்துவிடும். ஆப்பிரிக்க வம்சாவளிப் பெண்களின் முடி அப்படிப் படியாது. நெருக்கமான சுருள்களாக மேலும் பக்கவாட்டிலும் எழுந்து வளரும். அதைப் படிய வைக்க வழிகள் கொஞ்சம்தான். ஒட்ட வெட்டலாம். காரமான ரசாயனம் போட்டு நேராக்கலாம். சூடான இரும்புச் சீப்பால் தேய்க்கலாம். இல்லாவிட்டால் பின்னலாம், இரண்டிரண்டு இழையாக முறுக்கலாம், சாமியார்களின் சடைமுடிபோலத் திரள விடலாம். இந்தக் கடைசி வகைதான் அந்த முடிக்கு இயல்பானது. ஒரு தடவை உட்கார்ந்து பின்னிவிட்டால் வாரக்கணக்கில் கலையாது. தண்ணீருக்கே அளவு வைத்திருக்கும் பாலைவன முகாமில் ஒரு படைவீராங்கனைக்கு இதைவிட வசதியான தலை வேறு உண்டா?

2014 மார்ச் கடைசியில் அமெரிக்கத் தரைப்படை தன் தோற்ற விதிகளைத் திருத்தி வெளியிட்டது. அதில் சடைமுடி கூடாது, இரட்டை முறுக்கு கூடாது, மெல்லிய பின்னல் கால் அங்குலத்துக்கு மேல் தடிமன் இருக்கக் கூடாது. முடியை அப்படியே விட்டாலும் தலையிலிருந்து 2 அங்குலத்துக்கு மேல் எழும்பக் கூடாது. இன்ன இன்ன அலங்காரம் கூடாது என்று படம் போட்டே காட்டினார்கள். அந்தப் படங்களைப் பார்த்த கறுப்பினப் படைவீராங்கனைகள் பலருக்கு, அது தங்கள் தலைகளின் பட்டியலாகத்தான் தெரிந்தது. அப்போது படைகளில் பணியாற்றிய பெண்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் கறுப்பினத்தவர். யாரோ நாலு பேருக்கு வந்த சங்கடம் இல்லை இது.

அப்புறம் அந்தச் சொற்கள். படைகளின் விதிகள் இந்த முடிவகைகளைக் குறிக்க எடுத்துக்கொண்ட சொற்களைத் தமிழில் சொன்னால் 'பரட்டை', 'சிக்குப் பிடித்தது' என்று வரும். நடுவர் அவர்களே, பரட்டைத் தலை என்று நம் ஊரில் யாரைச் சொல்வோம்? சீவாமல், குளிக்காமல், தன்னைக் கவனிக்காமல் திரிகிறவரை. ஐந்து மணி நேரம் அசையாமல் உட்கார்ந்து, ஒவ்வொரு வகிடாகப் பிரித்துப் பின்னிக்கொண்டு வந்தவளைப் பார்த்து அந்தச் சொல்லை ஒரு அரசாங்கப் புத்தகம் சொல்கிறது. அதே புத்தகத்தைப் படித்துவிட்டு அவள் காலையில் கொடிக்கு வணக்கம் செலுத்த வேண்டும். எனக்கு இந்த வழக்கில் மிக அதிகமாக வலிப்பது இந்த இடம்தான்.

ஜார்ஜியா மாநிலத் தேசியக் காவல் படையிலிருந்த ஒரு பெண் வெள்ளை மாளிகைக்கு மனு தொடங்கினார். பதினேழாயிரம் பேருக்கு மேல் கையெழுத்திட்டார்கள். அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் கறுப்பின உறுப்பினர் குழுவைச் சேர்ந்த பெண்கள் பாதுகாப்பு அமைச்சர் சக் ஹேகலுக்குக் கடிதம் எழுதினார்கள். அவர் எல்லாப் படைகளையும் விதிகளை மறுபடி பார்க்கச் சொன்னார். அதே ஆண்டு ஆகஸ்டில் அந்தப் புண்படுத்தும் சொற்களை நீக்குவதாக அறிவித்தார்கள். இரட்டை முறுக்குக்கு அனுமதி கிடைத்தது. பின்னலின் தடிமன் வரம்பும் உயர்ந்தது. எல்லாம் ஐந்து மாதத்துக்குள். கட்டுப்பாட்டின் உயிரே அந்த விதியில்தான் இருந்தது என்றால், அண்ணன் சொல்லட்டும், ஐந்து மாதத்தில் அதை எப்படி மாற்றினார்கள்? மாற்றிய பிறகு அமெரிக்க ராணுவம் என்ன குலைந்துவிட்டதா?

ஆனால் அந்த ஆகஸ்டிலேயே கடற்படையிலிருந்து ஒரு பெண்ணை வெளியே அனுப்பினார்கள். மருத்துவப் பிரிவில் 12 ஆண்டு பணி செய்தவர். பல ஆண்டுகளாக அதே சடைமுடியைக் கொண்டையாகக் கட்டித்தான் வேலைக்கு வந்துகொண்டிருந்தார். ஒருநாள் திடீரென்று, சடையை வெட்டு, இல்லாவிட்டால் விக் வைத்து மறை என்றார்கள். அவர் மறுத்தார். பணி போய்விட்டது. நான்கு ஆண்டு கழித்து, 2018 ஜூலையில், அதே கடற்படை சடைமுடிக்கு அனுமதி கொடுத்தது. அந்த நான்கு ஆண்டில் மாறியது விதிப் புத்தகத்தின் ஒரு பக்கம்தான், அந்தப் பெண்ணின் கொண்டை அதே கொண்டைதான். அவர் 12 ஆண்டு சேவைக்கு யார் பதில் சொல்வது?

அந்த விக்கை இன்னும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். தரைப்படையின் 2014 விதியிலும், இயற்கையாகத் தெரிந்தால் விக் வைத்துக்கொள்ளலாம் என்று இருந்தது. தலைக்கவசத்துக்குள் சொந்த முடிமேல் இன்னொரு முடியை மாட்டலாம், சொந்த முடியை முறுக்கக் கூடாது. தலைக்கவசம் பொருந்துவதுதான் கவலை என்றால் முதலில் தடுத்திருக்க வேண்டியது எதை?

தலைக்கவசம் பொருந்த வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. உயிர் காக்கும் பொருள் அது. ஆனால் ராணுவமே பிறகு என்ன கண்டுபிடித்தது? நீள முடி உள்ள பெண்கள் முடியை இறுக்கி இழுத்துப் பின்னந்தலையில் கொண்டையாகக் கட்ட வேண்டியிருந்தது. குப்புறப் படுத்துத் துப்பாக்கி பிடிக்கும்போது அந்தக் கொண்டை தலைக்கவசத்தை முன்னால் தள்ளிக் கண்ணை மறைத்தது. ஓயாமல் இழுத்துக் கட்டியதில் முடி வேரோடு உதிர்ந்து நெற்றி ஏறியது. இதையெல்லாம் கேட்ட பிறகுதான் 2021இல் தரைப்படை விதிகளைத் தளர்த்தியது. மே மாதத்தில் நீளப் பின்னலையும் குதிரைவாலையும் அனுமதித்தது. இதில் வெள்ளைப் பெண்களுக்கும் நிம்மதி வந்தது என்பதை எதிரணி கவனிக்க வேண்டும்.

இனி அந்த ரசாயனத்துக்கு வருகிறேன். யாரும் அதைப் போடு என்று உத்தரவிடவில்லை என்பார்கள். சரி, உத்தரவு இல்லை. ஆனால் பின்னலுக்கு ஒரு அளவு, முறுக்குக்கு ஒரு தடை, சடைக்கு ஒரு தடை, எழும்பி நிற்கும் முடிக்கும் ஒரு அளவு. இத்தனை கதவையும் சாத்திவிட்டு ஒரு கதவை மட்டும் திறந்து வைத்தால் ஜனம் எந்த வழியாகப் போகும்? முடியை நேராக்கும் பூச்சுகள் பலவற்றில் இருப்பது சோடியம் ஹைட்ராக்சைடு, அடைத்துக்கொண்ட சாக்கடைக் குழாயைத் திறக்க ஊற்றுகிறார்களே, அதே காரம். உச்சந்தலை வெந்து புண்ணாகும். அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் முப்பத்து மூவாயிரம் பெண்களுக்கு மேல் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2022இல் ஒரு ஆய்வை வெளியிட்டது. முடியை நேராக்கும் பொருட்களை ஓராண்டில் நான்கு தடவைக்கு மேல் போட்டவர்களுக்குக் கருப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு, போடாதவர்களைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இருந்தது. அந்தப் பொருட்களைப் பயன்படுத்தியவர்களில் பெரும்பான்மையோர் கறுப்பினப் பெண்கள்.

"பிடிக்காதவர்கள் சேர வேண்டாமே" என்றார் அண்ணன். 1945இல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகருக்கு அமெரிக்கத் தரைப்படையின் 6888ஆவது அஞ்சல் படைப்பிரிவு போய் இறங்கியது. ஏறத்தாழ 850 பேர், எல்லோரும் வெள்ளையர் அல்லாத பெண்கள், பெரும்பாலும் கறுப்பினத்தவர். தலைமை மேஜர் சாரிட்டி ஆடம்ஸ். குளிர் அடைத்த கிடங்குகளில் வீரர்களுக்கு வந்த கடிதங்கள் மலைமலையாகத் தேங்கிக் கிடந்தன. ஆறு மாத வேலை என்று கொடுத்ததை மூன்று மாதத்தில் முடித்தார்கள். தங்குமிடம் தனி, உணவுக்கூடம் தனி. முடி பார்த்துக்கொள்ள ஒரு நிலையத்தையும் அவர்களே நடத்திக்கொண்டார்கள். அவர்கள் சேராமல் இருந்திருந்தால் அந்தக் கடிதங்கள் என்ன ஆகியிருக்கும்?

1970இலும் நிலைமை பெரிதாக மாறவில்லை. கடற்படைத் தளபதி எல்மோ ஜம்வால்ட் கறுப்பின மாலுமிகளையும் அவர்கள் மனைவிமாரையும் உட்கார வைத்துக் குறை கேட்டார். அந்த டிசம்பரில் அவர் போட்ட உத்தரவில், தளத்துக் கடைகளில் கறுப்பினத்தவருக்கு ஏற்ற அழகுப் பொருட்கள் விற்க வேண்டும், அவர்கள் முடியை வெட்டத் தெரிந்த ஆட்களை வேலைக்குச் சேர்க்க வேண்டும் என்றும் இருந்தது. போர்க்கப்பல் ஓட்டும் அமைப்புக்கு, தன் மாலுமியின் முடியை வெட்டத் தெரிந்த ஆள் வேண்டும் என்று தளபதியே கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. 'ஒரே விதி' என்கிறார்களே, அந்த விதியை எழுதியபோது யாருடைய தலை கண்முன் இருந்தது என்பது இதிலேயே தெரிகிறது.

மணி அடித்துவிட்டார்கள். ஒரே ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன் நடுவர் அவர்களே.

இதெல்லாம் பழைய கதை, இப்போதுதான் சரியாகிவிட்டதே என்று அடுத்து வரும் எதிரணித் தங்கை சொல்லக்கூடும். பின்னல் சரியானது. இப்போது தாடி. சுருள்முடி உள்ள ஆண்கள் ஒட்ட மழித்தால் வெட்டுப்பட்ட முடி வளைந்து தோலுக்குள்ளேயே குத்தி வளர்கிறது. கொப்புளம், சீழ், தழும்பு. ரேசர் பம்ப்ஸ் என்பார்கள். அதிகம் அவதிப்படுவது கறுப்பின ஆண்கள். இத்தனை காலமும் மருத்துவர் சீட்டு இருந்தால் மழிக்காமல் இருக்கலாம். 2025 ஜூலையில் தரைப்படை கொண்டு வந்த மாற்றத்தின்படி, 24 மாதத்தில் 12 மாதத்துக்கு மேல் இந்த விலக்கு தேவைப்பட்டால் அவரைப் பணியிலிருந்தே நீக்கலாம். வாயு முகமூடி தாடியில் பொருந்தாது என்று தங்கை சொல்வார். ஆப்கானிஸ்தானில் சிறப்புப் படையினர் முழுத் தாடியோடு பல ஆண்டு போரிட்ட படங்கள் உலகம் முழுக்க வந்தன. அவர்களுக்கு விட்டுக்கொடுக்க முடிந்தது, தாடை முழுக்கப் புண்ணோடு காலை அணிவகுப்பில் நிற்கும் இந்த இளைஞனுக்கு ஏன் முடியவில்லை என்று தங்கை இங்கே வந்து சொல்லட்டும். நான் உட்கார்ந்து கேட்கிறேன்.