கராஜ் சீலிங்கை மூடுவதற்கு முன்

வணக்கம் நேயர்களே. ரொறொன்ரோவில் ட்ரைவோல், அதாவது சுவருக்கும் சீலிங்குக்கும் வரும் ஜிப்சம் தட்டு, அடிப்பது என் தொழில். இன்றைக்கு வீட்டோடு ஒட்டாமல் பின்வளவில் தனியாக நிற்கிற கராஜைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அதை ஒரு வேலைக்கூடமாக, பிள்ளைகள் மிருதங்கம் பழகும் இடமாக மாற்றலாம் என்று பலர் யோசிக்கிறார்கள். முதலில் கேட்பது, சீலிங்கை அடித்து மூடலாமா என்றுதான். மூடலாம். ஆனால் மூடினால் உள்ளே இருக்கிற ஈரம் எங்கே போகும்? அதற்கு வழி பார்த்துவிட்டு மூடுங்கள்.

ஸ்காபரோவில் ஓர் அண்ணை. தன் கராஜுக்குத் தானே குளிர் தடுக்கும் இன்சுலேசன் வைத்து, மச்சானோடு சேர்ந்து ட்ரைவோலும் அடித்து முடித்தார். சும்மா சொல்லக்கூடாது, வேலை சுத்தம். மாசி மாதக் கடைசியில் எனக்கு அழைப்பு. "தம்பி, ரூஃப் ஒழுகுது, ஒருக்கா வந்து பார்."

போனேன். அன்று நல்ல வெயில். மழை பெய்து எத்தனையோ நாள். கூரையை மூடும் ஷிங்கிள் தட்டுகள் எல்லாம் புதிது. ஆனால் சீலிங்கில் மண்ணிறத்தில் வட்ட வட்டமாகக் கறை. ஏணி வைத்து ஒரு துண்டை வெட்டி எடுத்து, ரோர்ச் அடித்துப் பார்த்தேன். ஷிங்கிளுக்கு அடித்த ஆணிகளின் நுனி பலகையைத் துளைத்து உள்ளே நீட்டிக்கொண்டு நிற்கும், கண்டிருப்பீர்கள். ஒவ்வொரு நுனியிலும் வெள்ளை வெள்ளையாக உறைபனி. தை முழுக்கக் கட்டிய பனி, அந்த வெயிலுக்கு உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது. கூரை ஒழுகவே இல்லை, நேயர்களே. அது கராஜுக்குள் இருந்து மேலே போன தண்ணீர்.

எப்படிப் போனது? காரோடு வந்த ஸ்னோ உள்ளே உருகும். அண்ணை வைத்திருந்தது புரொப்பேன் ஹீற்றர். கேஸ் எரியும்போதே நீராவியும் வரும். புகைபோக்கி இல்லாத ஹீற்றரை மூடிய இடத்தில் எரிப்பது உயிருக்கே ஆபத்து, அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்தச் சூடான ஈரக்காற்று, லைற் பெட்டியைச் சுற்றியுள்ள இடுக்கால் மேலே ஏறும். மேலே பலகை பனிக்குளிரில் கிடக்கிறது. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த சோடாப் போத்தல் வியர்க்கிறதே, அதேதான். வெளியேற வழி இருந்தால் காற்றோடு போயிருக்கும். அவரோ குளிர் வரக்கூடாது என்று, கூரை விளிம்பில் இருக்கும் சொஃபிற் துளைகளையும் இன்சுலேசனால் இறுக்கி அடைத்துவிட்டார். நல்ல எண்ணத்தில் செய்ததுதான். ஆனால் முழுவதையும் கழற்றவேண்டி வந்தது. பலகையில் கறுப்பாகப் பூஞ்சணம். அவர் முகம் எனக்கு இன்றைக்கும் மறக்கவில்லை.

ஆகவே மேலிருந்து கீழே எண்ணிக்கொள்ளுங்கள். கூரைப் பலகை, அதன் கீழே காற்று ஓடும் இடைவெளி, பிறகு இன்சுலேசன், அதற்குக் கீழே ஈரத்தைத் தடுக்கும் 6 மில் பொலித்தீன் தாள், கடைசியாக ட்ரைவோல். மில் என்றால் மில்லிமீற்றர் அல்ல, அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்று. பொலித்தீன் சூடான பக்கத்தில், அதாவது நாங்கள் நிற்கும் பக்கத்தில் இருக்கவேண்டும். திரும்பவும் சொல்கிறேன்: சூடான பக்கத்தில். கூரை விளிம்பிலிருந்து காற்று மேலே போக, இன்சுலேசன் அடைக்காதபடி பஃபிள், அதாவது காற்றுவழியைத் திறந்து வைக்கும் தடுப்புத் தட்டு, வையுங்கள். லைற் பெட்டியைச் சுற்றியுள்ள இடுக்கையும் அடையுங்கள்.

கடிகாரத்தைக் காட்டுகிறார்கள், மிச்சத்தை வேகமாகச் சொல்கிறேன். உங்கள் கூரை ட்ரஸ், அதாவது கூரையைத் தாங்கும் மரச்சட்டம், சீலிங் பாரம் தாங்கச் செய்யப்பட்டதா என்று தெரிந்தவரிடம் காட்டிக் கேளுங்கள். சில கராஜ் ட்ரஸ்கள் அப்படிச் செய்யப்படுவதில்லை. ட்ரஸ்கள் 24 அங்குலத்துக்கு ஒன்றாக இருந்தால் சாதாரண அரை அங்குல ட்ரைவோல் நாளடைவில் தொய்யும். சீலிங்குக்கென்றே வரும் தட்டு, அல்லது 5/8 அங்குலத் தட்டு வாங்குங்கள். 4 அடிக்கு 8 அடி 5/8 அங்குலத் தட்டு ஒன்று சுமார் 70 இறாத்தல், ஆகவே தலையால் தாங்காமல், தட்டைத் தூக்கிப் பிடிக்கும் லிஃப்ற் வாடகைக்கு எடுங்கள். வயர் வேலை எல்லாம் மூடுவதற்கு முன். தட்டுகளின் பொருத்தை மூடும் மட் பூசுவதைப் பற்றி நிறையச் சொல்ல இருந்தேன், நேரமில்லை. 10 பாகைக்குக் கீழே குளிர் இருந்தால் பூசவேண்டாம், சித்திரை வைகாசி வரை பொறுங்கள்.

நன்றி, வணக்கம்.