காய்ச்சலோடு வரும் வலிப்பு: தாமதமாக மருந்து கொடுத்ததுதான் காரணமா?

அடுத்த கேள்வி உட்லண்ட்ஸிலிருந்து ஒரு தாய் அனுப்பியது. அவருடைய 14 மாதப் பெண் குழந்தைக்குக் காய்ச்சல் வந்த அன்றே கண் மேலே செருகி, கை கால் வெட்டி இழுத்திருக்கிறது. இரண்டு நிமிடத்தில் நின்றுவிட்டது. “நேரத்தோடு மருந்து கொடுக்காததால்தான் வந்தது என்கிறார் மாமியார், உண்மையா டாக்டர்?” என்று கேட்கிறார்.

இல்லை அம்மா. பாராசிட்டமால் குழந்தையின் அவதியைக் குறைக்கும், வலிப்பைத் தடுக்காது. பல வீடுகளில் வலிப்பு வந்த பிறகுதான் உடம்பு சுடுவதே தெரியவருகிறது. அப்புறம் எங்கே முன்கூட்டி மருந்து கொடுப்பது?

முக்கியக் காரணம் வயது. 6 மாதத்திலிருந்து 5 வயதுவரை மூளை வளர்ந்துகொண்டிருக்கும். அந்த நரம்பணுக்கள் காய்ச்சலில் எளிதாகக் கிளர்ந்துவிடும். அதிலும் ஒன்று, ஒன்றரை வயதில்தான் அதிகம் பார்க்கிறோம். நூறு குழந்தைகளில் 2 முதல் 5 பேருக்கு வரக்கூடியது இது.

அடுத்தது பரம்பரை. உங்கள் கணவருக்குச் சின்ன வயதில் ‘ஜன்னி’ வந்ததுண்டா என்று மாமியாரிடமே கேட்டுப் பாருங்கள். சண்டைக்கு இல்லை, எங்களுக்கு உண்மையிலேயே அந்த விவரம் வேண்டும்.

காய்ச்சலைக் கிளப்புவது பெரும்பாலும் வைரஸ். மூன்று நாள் கடுமையாகக் காய்ந்து, சூடு இறங்கியதும் உடம்பெல்லாம் சிவப்பாகத் தடிக்குமே, ரோசியோலா, அது இதில் பேர்போனது. ஃப்ளூவும் அப்படித்தான், சிங்கப்பூரில் அது ஆண்டு முழுவதும் உண்டு. இங்கே 12 மாதத்தில் போடும் எம்எம்ஆர் (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா தடுப்பு) ஊசிக்குப் பிறகு, ஒன்றிரண்டு வாரத்தில் காய்ச்சல் வந்து அபூர்வமாக வலிப்பு வரலாம். அதற்காக ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள். தட்டம்மை வந்தால் ஆபத்து அதைவிட எவ்வளவோ பெரிது.

ஆனால் காய்ச்சலோடு வரும் எல்லா வலிப்பும் சாதாரணமில்லை. 6 மாதத்துக்குக் கீழே உள்ள குழந்தை, வலிப்பு நின்ற பிறகும் தெளியாத குழந்தை, கழுத்து விறைத்த குழந்தை என்றால் மூளைக்காய்ச்சலா என்று பார்த்தே ஆகவேண்டும். முதல் தடவை வலிப்பு என்றால், நின்றுவிட்டாலும் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.

மூன்றில் ஒரு குழந்தைக்குத் திரும்பவும் வரும், அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், மணி பாருங்கள், 5 நிமிடத்தைத் தாண்டினால் ஆம்புலன்ஸுக்கு 995 எண்ணை அழையுங்கள். கையில் சாவி கொடுப்பது, பல்லுக்கிடையில் கரண்டி வைப்பது எதுவும் வேண்டாம்.