மு.வ.வும் ஆரல் பார்க்கும் குருகும்

நேயர்களுக்கு வணக்கம். மு.வ. என்றதும் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது கையடக்கத் திருக்குறள் தெளிவுரைதான். நாவல் படிக்கிறவர்கள் ‘கரித்துண்டு’, ‘கள்ளோ காவியமோ’ என்று சொல்வார்கள். நான் இன்று பேச வந்தது இயற்கையை ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்ட பேராசிரியர் மு. வரதராசனைப் பற்றி. அந்த முகத்தை நாம் கொஞ்சம் மறந்துவிட்டோம் என்று எனக்குத் தோன்றுகிறது.

1912-இல் பிறந்தவர். இட்ட பெயர் திருவேங்கடம். தாத்தாவின் பெயரான வரதராசன்தான் நிலைத்தது. வளர்ந்தது வாலாஜாப்பேட்டைக்குப் பக்கத்தில் வேலம் என்ற கிராமத்தில். வட ஆர்க்காட்டுக்காரர்களுக்குத் தெரியும், பாலாற்றில் தண்ணீரைவிட மணலைப் பார்க்கிற நாள்தான் அதிகம். ஏரி நிரம்பினால் பயிர், இல்லையென்றால் கிணறுதான் கதி. பள்ளிப் படிப்பு முடித்து தாலுகா அலுவலகத்தில் எழுத்தர் வேலைக்குப் போனார். உடம்பு ஒத்துழைக்கவில்லை. வேலையை விட்டுவிட்டு ஊருக்கே திரும்பினார். அந்த ஓய்வுதான் அவரைத் தமிழ்ப் பக்கம் திருப்பியது. 1935-இல் வித்துவான் தேர்வில் மாநிலத்திலேயே முதலாவதாக வந்து, திருப்பனந்தாள் மடத்தின் 1,000 ரூபாய் பரிசை வாங்கினார். அந்தக் காலத்து ஆயிரம்! அப்புறம் திருப்பத்தூர்ப் பள்ளி, பச்சையப்பன் கல்லூரி, சென்னைப் பல்கலைக்கழகம், கடைசியில் மதுரையில் துணைவேந்தர் பதவி. அதெல்லாம் பலரும் சொன்னதுதான்.

1948-இல் சங்க இலக்கியத்தில் இயற்கை பற்றிய ஆய்வுக்காக முனைவர் பட்டம் பெற்றார். ஆங்கிலத்தில் எழுதிய ஆய்வேடு அது. மலை, காடு, வயல், கடல் என்று பாட்டுக்குப் பாட்டு நிலம் வருகிறதே, அது அங்கே என்ன வேலை செய்கிறது என்பதுதான் கேள்வி. சங்கப் புலவர்கள் இயற்கையை இயற்கைக்காகவே பாடவில்லை, மனித உணர்வுக்குப் பின்னணியாகத்தான் நிறுத்தினார்கள் என்பது அவர் கண்ட முடிவு. இயற்கையை இவ்வளவு நேசித்த ஒருவர் இப்படிச் சொன்னாரே என்று முதலில் வியப்பாக இருக்கும். பிடித்த பொருளை ஆராய்கிறவர்கள் அதற்கு இல்லாத பெருமையையும் ஏற்றிவிடுவது வழக்கம். மு.வ. அதைச் செய்யவில்லை.

குறுந்தொகையில் கபிலர் பாட்டு ஒன்று. பேசுகிறவள் காதலி. காதலன் அவளோடு கூடிய நாளில் அங்கே வேறு யாரும் இல்லை. அந்தக் கள்வன் மட்டும்தான். அவனே பொய் சொல்லிவிட்டால் நான் என்ன செய்வேன் என்கிறாள் அவள். சட்டென்று நினைவு வருகிறது, குருகு என்கிற நீர்ப்பறவை ஒன்றும் இருந்ததே! தினைத்தாள் போன்ற சிறிய பசுங்கால்கள். ஓடும் தண்ணீரில் ஆரல் மீன் வருகிறதா என்று பார்த்துக்கொண்டு நிற்கிறது. சாட்சி இருக்கிறது, ஆனால் அதன் கண் மீன் மேல்.

குருகு இங்கே அவளுடைய தனிமையைக் காட்டத்தான் வருகிறது என்றால், மு.வ. சொன்னது சரி. ஆனால் எனக்கு ஒரு சின்ன மறுப்பு உண்டு. கால் என்ன நிறம், எந்த மீனுக்குக் காத்திருக்கிறது என்பதெல்லாம் பின்னணிக்கு மட்டும் தேவையா? நீரோரத்தில் நின்று அந்தப் பறவையை அதற்காகவே பார்த்த ஒருவர்தான் அப்படி எழுத முடியும். இந்த ஒரே பாட்டை அவர் கட்சிக்கும் சாட்சியாக வைக்கலாம், என் கட்சிக்கும் வைக்கலாம்.

நாவலிலும் அவர் நிலத்தை விடவில்லை. 1961-இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்ற ‘அகல் விளக்கு’ கதையில் வாலாஜாப்பேட்டையும் பெருங்காஞ்சியும் வெறும் ஊர்ப்பெயர்களாக இல்லை. அந்த மண்ணில் நடந்தவர் எழுதியது என்பது படிக்கும்போதே தெரியும். சொந்த வாழ்க்கையிலும் இயற்கை மருத்துவத்தில் அவருக்கு நம்பிக்கை அதிகம். 1974-இல் மறைந்தார்.

ஆங்கில ஆய்வேட்டைத் தேடி அலைய வேண்டியதில்லை. ‘பழந்தமிழ் இலக்கியத்தில் இயற்கை’ என்று தமிழிலேயே அவர் ஒரு நூல் எழுதியிருக்கிறார். பக்கத்திலேயே குறுந்தொகையையும் வைத்துக்கொண்டு படியுங்கள். அவரோடு எங்கே ஒத்துப்போகிறீர்கள், எங்கே முரண்படுகிறீர்கள் என்று பாருங்கள். நன்றி, வணக்கம்.